ஹாட் ஃபஸ்: சட்டப் புத்தகமும் டிவிடி அலமாரியும்

ஒத்துவராத இரண்டு போலீஸ்காரர்களை ஒரே வண்டியில் ஏற்றிவிடும் படங்களுக்கு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒருவன் முரடன், இன்னொருவன் பயந்தவன். அல்லது ஒருவன் வாயாடி, இன்னொருவன் ஊமைக்கோட்டான். முதல் பாதி முழுக்க முட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஒருவனுக்குக் குண்டடி படும், மற்றவன் கண் கலங்குவான், வில்லனைச் சாய்த்துவிட்டு இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பார்கள். இந்த வகைப் படங்கள் எனக்கு ரொம்பவே பிடிக்கும். கிடைப்பதையெல்லாம் தேடிப் பார்க்கிறவள் நான். அவற்றில் எனக்கு முதலிடம் 2007இல் வந்த ‘ஹாட் ஃபஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்துக்குத்தான்.

எட்கர் ரைட் இயக்கியது. அவரும் நாயகன் சைமன் பெக்கும் சேர்ந்து எழுதியது. இதில் அந்த இரண்டு போலீஸ்காரர்களும் பெரிதாக முட்டிக்கொள்வதே இல்லை. ஒருவன் போலீஸ் வேலையைச் சட்டப் புத்தகத்திலிருந்து கற்றவன். இன்னொருவன் அதே வேலையை டிவிடியிலிருந்து கற்றவன். இருவருக்கும் தெரிந்தது பாதிப் பாதி. தன்னிடம் இருக்கும் பாதியை ஒருவன் மற்றவனுக்குக் கொடுப்பதுதான் படம். துப்பாக்கியும் சிரிப்பும் எல்லாம் அதன்மேல் நிற்கிறது.

நிக்கோலஸ் ஏஞ்சல் லண்டன் போலீஸில் கான்ஸ்டபிள். மற்ற எல்லோரையும்விட 400 சதவீதம் அதிகமாகக் குற்றவாளிகளைப் பிடித்து வைத்திருக்கிறான். பாராட்டுவார்கள் என்று நம்பிப் போனால், சார்ஜென்ட் பதவி உயர்வு கொடுத்து ஒரு குக்கிராமத்துக்கு மாற்றுகிறார்கள். காரணம் நேரடியானது: இவன் இப்படி வேலை பார்த்தால் மற்றவர்கள் வேலையே பார்க்காதவர்கள் மாதிரித் தெரிகிறார்கள். அவன் மேலதிகாரியைக் கேட்கிறான். வருகிறார். அவருக்கும் மேலே இருப்பவரைக் கேட்கிறான். அவரும் வருகிறார். மார்ட்டின் ஃப்ரீமன், ஸ்டீவ் கூகன், பில் நை என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே சிரிப்போடு அதே செய்தியைச் சொல்லும் அந்தக் காட்சி, அரசு அலுவலகத்தில் மனு கொடுத்து அலைந்த எவருக்கும் உறைக்கும்.

என் அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். லத்தி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததுதான் அதிகம், ஸ்டேஷன் ரைட்டர். ஜெனரல் டைரி, கேஸ் டைரி, பார்வை மகஜர் என்று எழுதியே விரல் காய்த்துப்போன மனிதர். அதனால் போலீஸ் படங்களை நான் பார்க்கும் விதமே கொஞ்சம் வேறு. திரையில் ஒரு நாயகன் பத்துப் பேரை அடித்துப் போட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, இதையெல்லாம் யார் எழுதுவார்கள் என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். ‘ஹாட் ஃபஸ்’ அந்தக் குரலைக் காதில் வாங்கிய படம். அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ஏஞ்சல் ஊருக்கு வந்த முதல் ராத்திரியே மதுக்கடையில் வயது வராத பையன்களையெல்லாம் விசாரித்து வெளியே அனுப்புவதைப் பார்த்ததும், “இவனுக்கு ஸ்டேஷன்ல ஒருத்தனும் டீ வாங்கித் தர மாட்டான் பாப்பா” என்றார். அடுத்த நாள் காலைக் காட்சி அப்படியேதான் இருந்தது.

இந்தப் படம் எழுத்து வேலையைச் சண்டைக் காட்சி மாதிரி எடுத்திருக்கிறது. கைதிகளைப் படம் பிடிப்பது, படிவம் நிரப்புவது, பேனா மூடியைத் திறப்பது, முத்திரை குத்துவது. மற்ற படங்கள் தோட்டா நிரப்புவதற்கு வைக்கும் வேகமும் சத்தமும் இங்கே இதற்கு. டக், டக், டக் என்று அரை நொடிக்கு ஒரு ஷாட். பேனா கிளிக் ஆகும் சத்தம் துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் சத்தம் போலவே விழுகிறது. படத்தொகுப்பு கிறிஸ் டிக்கென்ஸ். நம் ரஹ்மான் ஆஸ்கர் வாங்கிய அதே ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு, அதே மேடையில், எடிட்டிங்குக்கான ஆஸ்கர் வாங்கியவர் இவர்தான். அந்தக் கை எவ்வளவு தேர்ந்தது என்பதை இங்கே ஒரு படிவம் நிரப்பும் காட்சியிலேயே பார்த்துவிடலாம். போலீஸ் வேலையில் பெரும்பகுதி காகிதம்தான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை, அதையும் ஒருவன் வீரமாகச் செய்யலாம் என்று ஒரு ஆக்‌ஷன் படம் சொன்னதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அப்பா அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரி, ஊருக்கு வருவோம். பெயர் சாண்ட்ஃபோர்டு, க்ளாஸ்டர்ஷயரில் இருப்பதாகக் கதை. பிரிட்டிஷ் போலீஸ் பயிற்சியில் மாதிரி வழக்குகளுக்குப் பயன்படுத்தும் கற்பனை ஊரின் பெயரும் இதுதான், அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் பிடித்தது சாமர்செட்டில் இருக்கும் வெல்ஸ் என்ற இடத்தில். ரைட் வளர்ந்த ஊர். பெரிய கதீட்ரல் உள்ள இடம் அது. கிராமம் போலத் தெரியவேண்டும் என்பதற்காக அந்தக் கதீட்ரலையே கணினியில் அழித்துவிட்டார்கள். கல் வீடுகள், பூந்தொட்டிகள், நடுவில் ஒரு சதுக்கம், எல்லோரும் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் சிறந்த கிராமம் என்ற பரிசு இந்த ஊருக்குத்தான். குற்றமே கிடையாது. விபத்துகள் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அங்கே அவனுக்கு வாய்க்கும் ஜோடி டேனி பட்டர்மேன். இன்ஸ்பெக்டரின் மகன். நடித்திருப்பவர் நிக் ஃப்ராஸ்ட். முதல் ராத்திரி குடித்துவிட்டு வண்டி எடுக்கப் பார்த்தவனைப் பிடித்து ஏஞ்சல் லாக்கப்பில் வைக்கிறான். காலையில் வந்து பார்த்தால் அவன் இதே ஸ்டேஷனின் சீருடையில் நிற்கிறான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் இங்கிருந்து பகை வளரும். டேனிக்குக் கோபமே வருவதில்லை. லண்டனிலிருந்து நிஜ போலீஸ்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்ற ஆச்சரியம்தான் முகத்தில். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த கெட்டிக்காரப் பையன் பக்கத்தில் இடம் பிடித்து உட்காரும் பிள்ளையைப் போல ஒட்டிக்கொள்கிறான்.

வண்டியில் போகும்போது டேனி கேட்கும் கேள்விகள் இந்தப் படத்தின் உயிர். காற்றில் பாய்ந்துகொண்டே சுட்டிருக்கிறாயா? ஒரே சமயத்தில் இரண்டு துப்பாக்கியால் சுட்டிருக்கிறாயா? அதிவேகத்தில் காரில் துரத்திக்கொண்டே சுட்டிருக்கிறாயா? பிரிட்டனில் பெரும்பாலான போலீஸ்காரர்கள் துப்பாக்கியே எடுத்துச் செல்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும். ஏஞ்சலின் பதில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லைதான். போலீஸ் வேலை என்பது நடைமுறை, கவனம், சரியான தீர்ப்பு என்று பாடம் எடுக்கிறான். டேனி கேட்டுக்கொள்கிறான், அப்புறம் அடுத்த கேள்வியைக் கேட்கிறான். நிக் ஃப்ராஸ்ட் இதைக் கேலியாக நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குரலில் இருக்கும் ஆசைதான் என்னை அவனோடு ஒட்டவைத்தது.

ஏஞ்சலுக்கு வேலை எது என்று தெரியும், வேலையை விட்டு வெளியே வரத் தெரியாது. காதலி அவனை விட்டுப் போனதும் அதனால்தான். அந்தப் பிரிவுக் காட்சியில் அவள் ஒரு குற்றம் நடந்த இடத்தில் தடயவியல் உடையில் நிற்கிறாள், முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் ஹாலிவுட் நட்சத்திரம் கேட் பிளான்செட். டைட்டிலில் பெயர்கூடப் போடவில்லை. காதல் முறிந்துகொண்டிருக்கும்போதே ஏஞ்சலின் பார்வை உடைந்த ஜன்னல் கண்ணாடி மேல் போய்விடுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வந்து அவன் கையில் கத்தியால் குத்துகிறவர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இயக்குநர் பீட்டர் ஜாக்சன். இந்த மாதிரி முகங்கள் படம் நெடுகக் கிடக்கின்றன, தெரிந்தால் ஒரு சந்தோஷம், தெரியாவிட்டால் ஒன்றும் குறையாது.

அவனிடம் ஒரு பூந்தொட்டி இருக்கிறது, பீஸ் லில்லி செடி. லண்டனிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறான். மொபைலில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, அந்தச் செடியோடு அவன் உட்கார்ந்திருக்கும் ஷாட்களிலேயே அவன் வாழ்க்கை முழுக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சைமன் பெக் சிரிப்பு நடிகர் என்று பெயர் எடுத்தவர். இங்கே அவர் படம் முழுக்க ஒரு இடத்திலும் சிரிப்பு வரவைக்க முயலவில்லை. முதுகு விறைத்து, தாடை இறுகி, நூறு சதவீதம் நேர்மையான அதிகாரியாகவே வாழ்ந்திருக்கிறார். சிரிப்பு அவரைச் சுற்றி நடக்கிறது.

ஸ்டேஷனில் இருக்கும் மற்றவர்களையும் சொல்ல வேண்டும். ஆண்டி என்ற ஒரே பெயரில் மீசை வைத்த இரண்டு துப்பறிவாளர்கள், பேடி கான்சிடைனும் ரேஃப் ஸ்பாலும். ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடிக்கிறார். எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரே பெண் கான்ஸ்டபிள் டோரிஸ், பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ஒலிவியா கோல்மன்தான். அவருக்கு இன்னும் நிறைய எழுதியிருக்கலாம். இது எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுகிறது. அவரை வைத்துக்கொண்டு இரட்டை அர்த்த வசனம் மட்டும் கொடுத்தது வீண். முன்மேசையில் உட்காரும் சார்ஜென்டாக பில் பெய்லி. காலையில் வாரிச் சீவிய தலை, ராத்திரியில் கலைந்த தலை. ஒரு வேளை இயன் பேங்க்ஸின் நாவலைப் படிக்கிறார், இன்னொரு வேளை அதே எழுத்தாளர் அறிவியல் புனைகதைக்கு வைத்துக்கொண்ட இயன் எம். பேங்க்ஸ் என்ற பெயரில் எழுதியதை. அவர்கள் இரட்டையர்கள் என்று படம் கடைசியில்தான் காட்டுகிறது. புத்தக அட்டையைக் கவனித்தவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

ஒரு பண்ணைக்கு விசாரணைக்குப் போகும் காட்சியை விட்டுவிட முடியாது. கிழவர் பேசும் வட்டார வழக்கு ஏஞ்சலுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியாது. கூட வந்த வயதான போலீஸ்காரருக்குப் புரியும், ஆனால் அவர் பேசுவது ஏஞ்சலுக்குப் புரியாது. டேனிக்கு அவர் பேசுவது புரியும். ஆக, கிழவர் வயதானவரிடம், வயதானவர் டேனியிடம், டேனி ஏஞ்சலிடம் என்று விஷயம் கை மாறி மாறி வருகிறது. சிரித்து முடிக்கும்போது கிழவரின் கொட்டகையைத் திறக்கிறார்கள். உள்ளே உரிமம் இல்லாத துப்பாக்கிகள் சுவர் சுவராக, நடுவில் துருப்பிடித்த பழைய கடல் கண்ணிவெடி ஒன்று. அந்தக் கண்ணிவெடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் காட்டப்பட்ட எதுவும் காரணமில்லாமல் காட்டப்படவில்லை. ஊரில் தப்பித்துத் திரியும் அன்னம், டேனி மேஜையில் விளையாடும் தக்காளி சாஸ் வித்தை, வேலியைத் தாண்டும் பந்தயம், லில்லி செடி, எல்லாம் திரும்பி வரும், ஒவ்வொன்றும் வேலை செய்யும். திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் இந்த ஒரு படத்தைப் பாடமாக வைத்துக்கொண்டு, எது எங்கே விதைக்கப்பட்டு எங்கே விளைகிறது என்று குறித்துக்கொண்டே பார்த்தால் போதும்.

ஒரு ராத்திரி டேனி வீட்டுக்குப் போகிறார்கள். அவன் ஒரு அலமாரியைத் திறக்கிறான். உள்ளே தரையிலிருந்து கூரைவரை டிவிடிகள். அவன் போலீஸ் அகாடமி அதுதான். ‘பாயின்ட் பிரேக்’, ‘பேட் பாய்ஸ் 2’ இரண்டையும் சோபாவில் சாய்ந்து அடுத்தடுத்துப் பார்க்கிறார்கள். ஏஞ்சல் தன் சிறுவயதுக் கதையைச் சொல்வதும் அந்த ராத்திரிதான். மாமா ஒருவர் வாங்கிக் கொடுத்த மிதிக்கும் போலீஸ் கார், அதைத் தெருவில் ஓட்டித் தப்பு செய்கிறவர்களைப் பிடித்த பையன், பிறகு போதைப்பொருள் விற்றதற்காகக் கைதான அதே மாமா. ஒருவன் ஏன் சட்டத்தை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. பிறகு டிவி வெளிச்சம் இருவர் முகத்திலும் விழ, ஏஞ்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதைப் பார்க்கலாம். மற்ற படங்களில் காதல் காட்சிக்குக் கொடுக்கும் நிதானத்தை இதற்குக் கொடுத்திருக்கிறார் ரைட்.

இனிமேல் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் கடைசி மூன்று பத்திகளுக்குத் தாவிவிடலாம்.

ஊரில் ஆட்கள் சாகிறார்கள். நாடகத்தில் மோசமாக நடித்த வக்கீலும் கூட நடித்தவளும் சாலை விபத்தில். பணக்காரர் ஒருவர் வீடு வெடித்து. உள்ளூர்ப் பத்திரிகையாளர், திருவிழா நடுவே தேவாலயக் கோபுரத்தின் கல் தலையில் விழுந்து. பூக்கடைக்காரப் பெண் செடி வெட்டும் கத்தரியால், டேனியின் பிறந்தநாளுக்குச் செடி வாங்க ஏஞ்சல் அங்கே வந்து நிற்கும்போதே. ஊர் முழுக்க விபத்து என்கிறது. ஏஞ்சல் எல்லாவற்றையும் கோத்து, புறவழிச் சாலை, நில விற்பனை, கோடிக்கணக்கான பணம் என்று ஒரு பெரிய சதியைக் கண்டுபிடிக்கிறான். சூப்பர் மார்க்கெட் மேலாளர் ஸ்கின்னர்தான் கொலைகாரன் என்று நிற்கிறான். டிமோதி டால்டன் அந்தப் பாத்திரத்தை எவ்வளவு ருசித்துச் செய்திருக்கிறார் என்று சொல்லி மாளாது. 1987இலும் 1989இலும் ஜேம்ஸ் பாண்டாக வந்தவர். இங்கே ஒவ்வொரு வார்த்தையையும் பல்லுக்கிடையில் வைத்து மிரட்டலாகவே பேசுகிறார், தள்ளுபடி விலையைப் பற்றிப் பேசினாலும்கூட.

ஏஞ்சல் சொன்ன சதி எதுவுமே இல்லை. வக்கீல் செத்தது அவர் நடிப்பு சகிக்கவில்லை என்பதால். பணக்காரர் செத்தது அவர் கட்டிய வீடு ஊருக்கு அசிங்கமாக இருந்தது என்பதால். பத்திரிகையாளர் செத்தது அவர் பத்திரிகையில் எழுத்துப் பிழை அதிகம் என்பதால். பூக்கடைக்காரி வேறு ஊருக்குப் போகவிருந்தாள், அவள் கைராசி பக்கத்து ஊருக்குப் போய்விடக்கூடாது. கொன்றது ஸ்கின்னர் ஒருவன் அல்ல. டாக்டர், பாதிரியார், விடுதிக்காரி, மதுக்கடைக்காரர், எல்லாம் ஊர்க் கண்காணிப்பு சங்கத்துப் பெரிய மனிதர்கள். தலைவன் டேனியின் அப்பா, இன்ஸ்பெக்டர் பட்டர்மேன். சிறந்த கிராமம் பரிசு கைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். பொது நன்மைக்காக என்று எல்லோரும் கூட்டமாக முணுமுணுக்கும் அந்தக் காட்சியில் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சில்லிட்டது. பணத்துக்காகக் கொல்கிறவனை எந்தப் படத்திலும் பார்க்கலாம். ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, தெருவில் நின்ற சிலை வேஷக்காரனையும் முக்காடு போட்டுத் திரிந்த பையன்களையும் கொன்று புதைத்தவர்கள், அடுத்த நாள் காலையில் அதே கையால் வணக்கம் சொல்கிறார்கள். சங்கத்தில் ஒருவராக வரும் எட்வர்ட் வுட்வர்ட், 1973இன் ‘தி விக்கர் மேன்’ படத்தில் விபரீதமான ஓர் ஊருக்கு விசாரணைக்குப் போகும் போலீஸ்காரராக நடித்தவர். இந்த முறை அவரை ஊர்க்காரர்கள் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஜிம் பிராட்பென்ட் அந்த அப்பாவை ஒரு நொடிகூட வில்லனாக நடிக்கவில்லை. கேக் வாங்கிக் கொடுக்கும், எல்லோரையும் தட்டிக் கொடுக்கும் மேலதிகாரியாகவே இருக்கிறார். அதனால்தான் டேனியின் நிலைமை வலிக்கிறது. ஏஞ்சலைக் கத்தியால் குத்துவது போல நடித்துக் காப்பாற்றி, ஊர் எல்லையில் விட்டு, லண்டனுக்குப் போய்விடு, இங்கே நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள் என்கிறான். ஏஞ்சல் கிளம்புகிறான். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் அதே இரண்டு படங்களின் டிவிடியைப் பார்க்கிறான். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். கண்ணாடி மாட்டும் நாயகர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த நான் அந்த இடத்தில் கை தட்டினேன். ஏனென்றால் அவன் நாயகனாகத் தெரிவதற்காக அதை மாட்டவில்லை, டேனிக்காக மாட்டுகிறான்.

அதற்கப்புறம் குதிரையில் ஏறி ஊருக்குள் வருகிறான். காலை வணக்கம் சொன்ன பெரியவர்களெல்லாம் கூடையிலிருந்தும் அங்கிக் கையிலிருந்தும் துப்பாக்கி எடுக்கிறார்கள். டேனி வண்டியில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இப்போது ஆமாம் என்று பதில் கிடைக்கிறது: காற்றில் பாய்ந்து சுடுவது, இரண்டு கையிலும் துப்பாக்கி, துரத்திக்கொண்டே சுடுவது. அத்தனை தோட்டா பறந்தும் ஏஞ்சல் ஒருவரையும் கொல்வதில்லை. தோளில், காலில், அல்லது மேலே தொங்கும் எதையாவது சுட்டு விழவைத்து வீழ்த்துகிறான். சட்டப் புத்தகம் அவனை விட்டுப் போகவில்லை. ஸ்கின்னரோடு நடக்கும் கடைசி அடிதடி, ஊரின் குட்டி மாதிரி வடிவத்துக்குள் நடக்கிறது. முழங்கால் உயரத் தேவாலயங்களுக்கு நடுவே இரண்டு பெரிய மனிதர்கள் மழையில் சேறு பூசி அடித்துக்கொள்கிறார்கள். கோபுரக் கல்லால் ஆளைக் கொன்ற கூட்டத்தில் ஒருவனான ஸ்கின்னரின் தாடையில் கடைசியில் ஏறுவது அந்தக் குட்டிக் கோபுரத்தின் முனைதான்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு ஒரு காட்சி. டேனியின் அப்பா ஓடுகிறார், டேனி கையில் துப்பாக்கி, குறி வைத்துவிட்டான், சுட முடியவில்லை. மல்லாந்து விழுந்து, வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியைக் காலி செய்துகொண்டே கத்துகிறான். ‘பாயின்ட் பிரேக்’கில் நாயகன் செய்வது அதுதான். நீ எப்போதாவது அப்படிச் செய்திருக்கிறாயா என்று டேனி ஏஞ்சலிடம் கேட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று. இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்த காட்சியும் அதுதான். முதல் முறை கேள்வியாக வந்தபோது சிரித்தோம், இரண்டாம் முறை டிவியில் ரசித்தோம், மூன்றாம் முறை ஒரு மகனுக்கு அப்பாவைச் சுட முடியவில்லை. ஆசைப்பட்ட காட்சி கிடைத்தே விட்டது, இப்படியா கிடைக்க வேண்டும்! நிக் ஃப்ராஸ்டின் குரல் உடைகிறது. திரும்பச் சொல்லும் நகைச்சுவை ஒன்று இந்த ஆழத்துக்குப் போகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

அடுத்து? எழுத்து வேலை. இவ்வளவு பேரைக் கைது செய்தால் எவ்வளவு எழுத வேண்டும். ஸ்டேஷன் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறது. மறுபடியும் டக், டக், டக். இந்த முறை ஏஞ்சல் மட்டும் இல்லை, அத்தனை பேரும், சோம்பிக் கிடந்த ஆண்டிகள் உட்பட. என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அப்புறம் அந்தக் கடல் கண்ணிவெடி வருகிறது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகள் உண்டு. கடைசி அரை மணி நேரம் நீளம். சதுக்கத்தில் ஒரு சண்டை, மதுக்கடையில் ஒன்று, சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று, குட்டி ஊரில் ஒன்று என்று அடுக்கும்போது சூப்பர் மார்க்கெட் சண்டையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் எண்ணிக்கை அதிகம் என்பதால் யார் டாக்டர், யார் மதுக்கடைக்காரர் என்று முதல் முறை பார்க்கும்போது குழம்பும். ரத்தம் தாராளம். கோபுரக் கல் விழும் காட்சி சிரிப்புப் படத்தில் எதிர்பார்க்கிற அளவைத் தாண்டியது, சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். கெட்ட வார்த்தையும் நிறைய. அதற்கென்று ஸ்டேஷனில் ஒரு உண்டியலே வைத்திருக்கிறார்கள், எந்த வார்த்தைக்கு எவ்வளவு அபராதம் என்று விலைப்பட்டியலோடு.

சப்டைட்டில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். மேற்கு இங்கிலாந்து உச்சரிப்பு நம் காதுக்குப் பழக நேரம் எடுக்கும், பாதி நகைச்சுவை வசனத்தில் இருக்கிறது. முடிந்தால் நல்ல ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கரில் கேளுங்கள். டேவிட் ஆர்னால்ட் இசை. பாண்ட் படங்களுக்கு இசையமைத்தவர், இங்கேயும் அதே பிரம்மாண்டத்தை ஒரு தப்பிப்போன அன்னத்தைத் தேடுவதற்கு வாசித்திருக்கிறார். முதல் நாற்பது நிமிடம் மெதுவாகப் போகிறதே என்று கையில் போனை எடுத்துவிடாதீர்கள். அந்த நாற்பது நிமிடத்தில் சொன்னதைத்தான் மீதிப் படம் நடத்திக் காட்டுகிறது.

ரைட், பெக், ஃப்ராஸ்ட் கூட்டணியில் இதற்கு முன்னால் 2004இல் ‘ஷான் ஆஃப் தி டெட்’, பின்னால் 2013இல் ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ வந்தன. மூன்றிலும் கார்னெட்டோ ஐஸ்கிரீம் தலைகாட்டும், கதைக்குக் கதை தொடர்பு கிடையாது, அதனால் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. போலீஸ் கதை இது ஒன்றுதான், இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பார்த்து முடித்த மறுநாள், டேனி கேள்வி கேட்கும் அந்த வண்டிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் என்ன வரப்போகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.